ஆபீஸ் நெட்டில் சொந்த வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐடி பிரிவிலும் மனிதவளப் பிரிவிலும் இருப்பவர்களிடம் இந்தச் சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி வரும். பாதி ஊழியர்களிடமிருந்து, மீதி மேலாளர்களிடமிருந்தும் சிறு நிறுவன உரிமையாளர்களிடமிருந்தும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறோம். சட்டம் பற்றிய பதில்கள் இந்தியாவுக்கானவை. வெளிநாட்டுத் தீர்ப்பு வரும் இடத்தில் நாட்டின் பெயரும் இருக்கும்.

1. சொந்த உபயோகம்னா எதெல்லாம் சேரும்? கரண்ட் பில் கட்டினாகூடத் தப்பா?

இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ஒன்று நேரம், இன்னொன்று சாதனம். வேலை நேரத்தில் உங்கள் சொந்த போனில், சொந்த டேட்டாவில் ரீல்ஸ் பார்த்தால் அது நேரம் சம்பந்தப்பட்டது. சாப்பாட்டு இடைவேளையில் ஆபீஸ் லேப்டாப்பில் படம் டவுன்லோடு செய்தால் நேரம் உங்களுடையதுதான், ஆனால் சாதனமும் இணைப்பும் நிறுவனத்துடையவை. இடைவேளையில் சொந்த போன், சொந்த டேட்டா என்றால் யாரும் கேட்க ஒன்றும் இல்லை. கீழே வரும் பல கேள்விகளுக்கு இந்தப் பிரிவினையே விடை.

கரண்ட் பில் கட்ட ஐந்து நிமிடம் ஆகும். பெரும்பாலான நிறுவன விதிகளில் 'நியாயமான அளவு சொந்தப் பயன்பாடு' என்று ஒரு வரி இருக்கும், இது அதற்குள் அடங்கிவிடும். அந்த வரி உங்கள் ஆபீஸ் விதியில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டில் அது எங்கேயாவது இருக்கும்.

2. சம்பளம் வாங்கிக்கிட்டு ஏன்தான் இப்படிப் பண்றாங்க? சோம்பேறித்தனம்தானே?

சோம்பேறித்தனமும் உண்டு. ஆனால் அது பட்டியலில் முதலில் வராது. எந்த ஆபீஸிலும் காலை 9:58க்கு எழுந்து நின்று பாருங்கள். நாலைந்து திரைகளில் ஐஆர்சிடிசி திறந்திருக்கும். ஏசி வகுப்புக்குத் தட்கல் திறப்பது காலை 10 மணிக்கு, ஸ்லீப்பருக்கு 11 மணிக்கு. இரண்டுமே வேலை நேரம். வங்கி, சார்பதிவாளர் அலுவலகம், ஆர்டிஓ, பள்ளி அலுவலகம் எல்லாம் நாம் ஆபீஸில் இருக்கும் அதே நேரத்தில் திறந்து, நாம் கிளம்பும் நேரத்தில் மூடிவிடுகின்றன. லீவு போட்டுப் போவதற்குப் பதில் ஐந்து நிமிடம் ஆன்லைனில் முடித்துக்கொள்கிறார்கள். நிறுவனத்துக்கும் அது லாபம்தான்.

அடுத்த காரணம் மனக்கணக்கு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் விவியன் லிம் 2002இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. வேலை நேரத்தில் நெட்டில் மேய்வதற்கு 'சைபர்லோஃபிங்' என்ற பெயர் ஆய்வுலகில் ஊன்றியதும் அதற்குப் பிறகுதான். நிறுவனம் தன்னை நியாயமாக நடத்தவில்லை என்று நினைப்பவர்கள் மனதுக்குள் ஒரு வரவு செலவுப் பேரேடு வைத்துக்கொள்கிறார்கள் என்பது அதன் சாரம். 'போன வாரம் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்தேன், ஓவர்டைம் தரவில்லை, இந்த அரை மணி நேரம் எனக்குச் சேர வேண்டியது' என்று கணக்கு நேராகிவிடுகிறது. இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் வேலை சொல்லும் மேலாளர், பகல் 11 மணிக்கு ஊழியர் சொந்த வாட்ஸ்அப் பார்ப்பதைக் குறை சொன்னால் எடுபடாததும் இதனால்தான்.

மீதிக் காரணங்கள் சாதாரணமானவை. அடுத்த அழைப்பு வரும்வரை, மேலதிகாரி ஒப்புதல் தரும்வரை, மென்பொருள் பில்டு முடியும்வரை சும்மா இருக்கும் நேரம். ஒரே மாதிரியான வேலையின் சலிப்பு. தூக்கமின்மையும் உண்டு: அமெரிக்காவில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திய வார இறுதிக்கு அடுத்த திங்கட்கிழமைகளில் பொழுதுபோக்குத் தளங்களைத் தேடுவது கூடுகிறது என்று 2012இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கைக்குழந்தை உள்ள வீட்டிலிருந்து வருபவருக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

3. நடுவுல கொஞ்சம் பார்த்தா மூளை ஃப்ரெஷ் ஆகும்னு சொல்றாங்களே. உண்மையா, சாக்கா?

இரண்டும். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் பிரென்ட் கோக்கர், வேலை நேரத்தில் 20 சதவீதத்துக்குள் சொந்தமாக நெட் பார்ப்பவர்கள், பார்க்காதவர்களைவிட ஏறக்குறைய 9 சதவீதம் அதிகம் வேலை முடிக்கிறார்கள் என்று 2009இல் அறிவித்தார். இந்த எண்ணை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். '20 சதவீதத்துக்குள்' என்ற நிபந்தனையை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள். பத்து நிமிடத்துக்குட்பட்ட குட்டி இடைவேளைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் ஒரு கட்டுரை வந்தது. களைப்பு குறைகிறது, உற்சாகம் கூடுகிறது என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. வேலையின் தரமும் கூடுகிறது என்று பொதுவாகச் சொல்லுமளவுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

எதைப் பார்க்கிறீர்கள், எப்போது பார்க்கிறீர்கள் என்பதில்தான் வித்தியாசம். மேலே சொன்ன விவியன் லிம், 2012இல் இன்னொருவருடன் சேர்ந்து செய்த ஆய்வில் சும்மா தளங்களைப் பார்ப்பது மனநிலையை நல்லபடியாக மாற்றியது; சொந்த மின்னஞ்சல் பார்ப்பது கெடுத்தது. காரணம் எளிது. ஸ்கோரைப் பார்த்தால் பார்த்ததோடு முடிந்தது. வீட்டுக் கடன் பற்றி வந்த மெயிலைப் பார்த்தால் பதில் எழுத வேண்டும், அது மதியம்வரை மண்டையில் ஓடும். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது பழைய வேலையின் நினைவு கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும் என்று 2009இல் சோஃபி லெராய் காட்டியிருக்கிறார். ஆகவே ஒரு வேலையை முடித்துவிட்டு, அடுத்ததைத் தொடங்கும் முன் பாருங்கள். எக்செல் ஷீட்டின் நடுவில் வேண்டாம்.

4. நான் என்ன பார்க்கிறேன்னு ஐடி டீமுக்கு அப்படியே தெரியுமா?

உங்கள் ஆபீஸ் என்ன வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. மூன்று நிலைகள் உண்டு. நெட்டுக்குப் போய் வருவதை வடிகட்டும் சாதாரண ஃபயர்வால் மட்டும் என்றால், எந்தத் தளம், எத்தனை மணிக்கு, எவ்வளவு டேட்டா என்பது தெரியும். இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ்ஸில், அதாவது போகும் வழியில் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் முறையில், ஓடுவதால் அந்தத் தளத்துக்குள் எந்தப் பக்கம், என்ன தட்டச்சு செய்தீர்கள் என்பது தெரியாது. யூடியூப் போனீர்கள் என்று தெரியும். எந்த வீடியோ என்று தெரியாது.

இரண்டாவது நிலையில், ஃபயர்வால் நடுவில் நின்று பூட்டைத் திறந்து, உள்ளே பார்த்து, மறுபடி பூட்டி அனுப்பும். இதற்கு உங்கள் கணினியில் நிறுவனத்தின் சான்றிதழ் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். நீங்களே சோதித்துக்கொள்ளலாம்: முகவரிப் பட்டைக்கு இடப்பக்கம் உள்ள குறியை அழுத்தி, இணைப்பு பாதுகாப்பானது என்ற வரிக்குள் போய், சான்றிதழைத் திறந்து, யார் வழங்கியது என்று பாருங்கள். அந்த இடத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயரோ ஃபோர்ட்டிநெட், சோஃபோஸ், இசட்ஸ்கேலர் போன்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பெயரோ இருந்தால் உள்ளடக்கம் வரை பார்க்க முடியும். வங்கி, மருத்துவத் தளங்களை இதிலிருந்து விலக்கி வைப்பது நல்ல வழக்கம், ஆனால் எல்லா ஆபீஸிலும் அப்படி இல்லை. ஒரு செய்தித் தளத்தில் சோதித்துவிட்டு வங்கித் தளத்திலும் ஒரு தடவை சோதியுங்கள்.

மூன்றாவது, கணினியிலேயே உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பு மென்பொருள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரையைப் படம் எடுப்பது, எந்த செயலி எவ்வளவு நேரம் முன்னால் இருந்தது என்று குறிப்பது போன்றவை. இங்கே எச்டிடிபிஎஸ் எந்த விதத்திலும் உதவாது. திரையில் தெரிந்தது எல்லாம் படத்தில் இருக்கும்.

5. இன்காக்னிட்டோல போனா தெரியாதுல்ல?

தெரியும். இன்காக்னிட்டோ செய்வது அந்த பிரவுசரில் வரலாறும் குக்கீயும் மிஞ்சாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். பக்கத்து சீட்காரர் உங்கள் கணினியைத் திறந்தால் தெரியாது, ஃபயர்வாலுக்குத் தெரியும்.

போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகப் பூட்டி அனுப்பும் விபிஎன்னைச் சொந்தமாகப் போட்டால் தளத்தின் பெயர் மறையும். ஆனால் விபிஎன் ஓடுகிறது என்பது லாக்கில், அதாவது ஃபயர்வாலின் பதிவேட்டில், பளிச்சென்று நிற்கும். ஸ்கோர் பார்த்தது ஒரு சிறு தப்பு. பாதுகாப்பு ஏற்பாட்டைத் தாண்டியது பல நிறுவன விதிகளில் பெரிய தப்பு. சின்னதை மறைக்கப் போய்ப் பெரியதில் மாட்டுபவர்கள்தான் அதிகம்.

6. ரிப்போர்ட்ல நான் எட்டு மணி நேரம் கிரிக்கெட் பார்த்ததா வருது. சத்தியமா ஸ்கோர் ரெண்டு தடவைதான் பார்த்தேன். எப்படி?

நடக்கும். காலை 10:05க்கு ஸ்கோர் பக்கத்தைத் திறந்து, பார்த்துவிட்டு, மூடாமல் வேறு டேபுக்குப் போனீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கம் 30 விநாடிக்கு ஒரு தடவை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். மாலை 6:05க்குள் லாக்கில் 960 வரிகள் சேர்ந்துவிடும். அறிக்கை தயாரிக்கும் மென்பொருள் என்ன செய்கிறது? ஒரே தளத்தின் இரண்டு வரிகளுக்கு நடுவே, உதாரணமாக, மூன்று நிமிடத்துக்கும் குறைவான இடைவெளி இருந்தால் ஆள் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறது. ஆக எட்டு மணி நேரக் கிரிக்கெட். திறந்து கிடந்த ஜிமெயில் டேபுக்கும் இதே கதிதான்.

பொய்யை உடைக்க மூன்று வழி இருக்கிறது. முதலில் டேட்டா அளவு. 960 வரிக்கும் தலா 3 கேபி என்றால் மொத்தம் 3 எம்பிகூட வராது. 1080பி தரத்தில் ஆறு மணி நேரம் வீடியோ பார்த்திருந்தால், விநாடிக்கு 5 மெகாபிட் கணக்கில், 13.5 ஜிபி ஆகியிருக்கும். இரண்டாவது, நீங்கள் சாப்பிடப் போன நேரம். 1:00 முதல் 1:40 வரை கணினி பூட்டியிருந்தும் லாக்கில் வரிகள் நிற்காமல் ஓடியிருந்தால், பார்த்தது ஆள் இல்லை. விண்டோஸில் பூட்டியது 4800, திறந்தது 4801 என்ற எண்ணில் பதிவாகும். அந்தப் பதிவு தானாக ஓடாது, ஐடி பிரிவு முன்கூட்டியே அதை இயக்கி வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, நீங்கள் போகவே போகாத தளங்கள். ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால் விளம்பரம், கணக்கெடுப்பு, வீடியோ என்று பின்னணியில் டஜன் கணக்கில் வேறு தளங்கள் அழைக்கப்படும். அதில் ஒன்று 'சூதாட்டம்' வகையில் போய் விழும். அந்த ஒரு வரியை வைத்து ஒருவரை அழைத்து விசாரிப்பது அநியாயம். மேலாளர்களே, மேலோட்ட அறிக்கையை மட்டும் வைத்து யாரிடமும் பேசாதீர்கள். ஐடி பிரிவிடம் மூல லாக்கைக் கேளுங்கள்.

7. என் போன்ல ஆபீஸ் வைஃபை. வாட்ஸ்அப் மெசேஜைப் படிச்சிடுவாங்களா?

இணைப்பின் வழியாகப் படிக்க முடியாது. செய்தி உங்கள் போனில் பூட்டப்பட்டு எதிராளியின் போனில்தான் திறக்கிறது. வாட்ஸ்அப் ஓடுகிறது, இவ்வளவு டேட்டா போனது என்பது மட்டும் தெரியும். ஆபீஸ் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்தால் நிலைமை மாறிவிடுகிறது. நான்காம் கேள்வியில் சொன்ன, திரையைப் படம் எடுக்கும் மென்பொருள் அதையும் சேர்த்துத்தான் எடுக்கும். மாலையில் லாக் அவுட் செய்யாமல் கிளம்பினால் அடுத்து உட்காருபவரும் படிப்பார். போனில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியில் போய் இப்போதே பாருங்கள், பழைய சீட்டின் கணினி இன்னும் அங்கே இருக்கலாம்.

ஆபீஸ் மெயிலுக்காக உங்கள் ஆண்ட்ராய்டு போனில் 'வேலைச் சுயவிவரம்' போட்டிருந்தால், பெட்டிக் குறி உள்ள செயலிகள் மட்டும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில். மற்ற படம், மெசேஜ் எதுவும் அவர்களுக்குத் தெரியாது. நிறுவனமே கொடுத்த போன் முழுதாக அவர்கள் நிர்வாகத்தில் இருக்கலாம். அதில் குடும்பப் படங்களை வைக்காதீர்கள்.

8. ஆபீஸ் மெயில் ஐடியைச் சொந்த விஷயத்துக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். கண்காணிப்பைவிடப் பெரிய தொல்லை வேலையை விடும் நாளில் வரும். வருமான வரித் தளம், வங்கி, மியூச்சுவல் ஃபண்டு, காப்பீடு என்று எல்லாவற்றுக்கும் ஆபீஸ் ஐடியைக் கொடுத்து வைத்திருப்பார்கள். கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு ஐடி முடக்கப்படும். ஜூலையில் ரிட்டர்ன் போட உட்காரும்போது ஓடிபி செத்துப்போன பெட்டிக்குப் போகும்.

ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன் ஆபீஸ் இன்பாக்ஸில் 'ஓடிபி', 'ஸ்டேட்மென்ட்', 'பாலிசி' என்று தேடுங்கள். வரும் ஒவ்வொரு தளத்திலும் மெயிலை மாற்றுங்கள். கொடுத்த பிறகு என்றால் சில ஆபீஸ்களில் அன்றே அணுகலைக் குறைத்துவிடுவார்கள்.

9. கம்பெனி என் சாட்டைப் படிக்கலாமா? சட்டம் என்ன சொல்லுது?

வேலையிடக் கண்காணிப்புக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் சொன்னது. அந்த உரிமை முதன்மையாக அரசுக்கு எதிரானது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை சம்பந்தமான தேவைக்கும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஊழியரின் ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள இடம் தருகிறது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். ஆகவே நடைமுறையில் நீங்கள் கையெழுத்திட்ட விதிப் புத்தகம்தான் முதலில் பேசும்.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. ருமேனியாவில் பார்புலெஸ்கு என்ற ஊழியர், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல நிறுவனம் சொல்லித் திறந்த யாஹூ மெசஞ்சர் கணக்கில் சகோதரரோடும் வருங்கால மனைவியோடும் பேசியதற்காக 2007இல் வேலையிழந்தார். 2016இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நிறுவனம் செய்தது சரி என்றது. 2017 செப்டம்பர் 5 அன்று அதே நீதிமன்றத்தின் பேரமர்வு 11க்கு 6 என்ற கணக்கில் அதை மாற்றியது. சொந்த உபயோகம் கூடாது என்று சொன்னது மட்டும் போதாது. கண்காணிப்பு இருக்கும், செய்தியின் உள்ளடக்கம்வரை போகும் என்று முன்கூட்டியே சொன்னார்களா, குறைவான வழி இருந்ததா என்று உள்நாட்டு நீதிமன்றங்கள் பார்த்திருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. இந்தியாவை இது கட்டுப்படுத்தாது. விதி எழுதும்போது சரிபார்க்க இதைவிட நல்ல பட்டியல் கிடைப்பது கடினம்.

10. எல்லாத்தையும் பிளாக் பண்ணிட்டா தொல்லை விட்டுதுன்னு இருக்கலாமே?

முதல் நாளே எல்லாரும் போனுக்கு மாறிவிடுவார்கள். அதுவரை லாக்கிலாவது தெரிந்தது, இனி அதுவும் தெரியாது. இரண்டாம் நாள் கணக்குப் பிரிவு அழைக்கும்: டேலி பயிற்சி வீடியோ யூடியூபில் இருக்கிறது. மூன்றாம் நாள் மனிதவளப் பிரிவு: ஆள் எடுக்க லிங்க்ட்இன் வேண்டும், அது 'சமூக வலைத்தளம்' வகையில் அடைபட்டுக் கிடக்கிறது. விற்பனைப் பிரிவுக்கு வாட்ஸ்அப் வெப் இல்லாமல் கொட்டேஷன் போகாது. விதிவிலக்குக் கேட்டு வரும் கோரிக்கைகளைப் பார்க்கவே ஒரு ஆள் வேண்டும்.

நெட் மெதுவாக இருக்கிறது என்பதுதான் உங்கள் உண்மையான குறை என்றால் வேறு இடத்தில் தேடுங்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 15 பேர் 1080பி வீடியோ பார்த்தால் 75 போய்விடும், சரி. ஆனால் பல ஆபீஸ்களில் குற்றவாளி ஊழியர்களின் போன். வைஃபை கிடைத்ததும் செயலிகள் புதுப்பித்துக்கொள்ளும், திருமண வீட்டுப் படங்கள் எல்லாம் கூகுள் போட்டோஸுக்கு ஏறத் தொடங்கும். ஏற்றும் பாதை அடைபட்டால் எல்லாருடைய வீடியோ மீட்டிங்கும் திக்கும். போன்களுக்குத் தனி வைஃபை பெயர், தனி விஎல்ஏஎன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் அமைப்பு), மொத்தத்துக்கு 10 முதல் 15 எம்பிபிஎஸ் உச்சவரம்பு. பாதிப் புகார் அன்றோடு நின்றுவிடும்.

முழுதாக அடைக்க வேண்டியவை உண்டு: ஆபாசம், சூதாட்டம், டோரன்ட், திருட்டு மென்பொருள், பெயர் தெரியாத விபிஎன்கள், புதிதாகப் பதிவான தளங்கள். அங்கேயிருந்துதான் வைரஸும் வழக்கும் வரும். அரை மணி நேரம் வீணானால் அரை மணி நேரச் சம்பளம்தான் நஷ்டம். திருட்டு மென்பொருள் ஒன்று உள்ளே வந்தால் சர்வர் முழுதும் பூட்டிக்கொள்ளும்.

11. எங்க ஆபீஸ்ல 40 பேர். விதி எப்படி எழுதறது?

ஒரே பக்கம், தமிழிலும் ஆங்கிலத்திலும். பதினைந்து பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள், விசாரணை வந்தால் நீங்களும் படிக்காததுபோல்தான் நிற்பீர்கள். இப்படித் தொடங்கலாம்: 'இடைவேளையிலும், வேலை நேரத்தில் நாளுக்குச் சுமார் 20 நிமிடம் வரையும் சொந்தத் தேவைக்கு நெட் பயன்படுத்தலாம். பார்க்கும் தளத்தின் பெயர், நேரம், டேட்டா அளவு பதிவாகும். பக்கத்தின் உள்ளடக்கம் பதிவாகாது. பாதுகாப்புச் சம்பவம் நடந்தால் மட்டும், இரண்டு பேர் எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகு கூடுதலாகப் பார்ப்போம்.' உங்கள் ஃபயர்வால் உண்மையில் செய்வதை மட்டும் எழுதுங்கள். உள்ளடக்கத்தைப் பார்க்கும் வசதியை இயக்கி வைத்துக்கொண்டு 'பதிவாகாது' என்று எழுதினால் விதியே உங்களுக்கு எதிர் சாட்சியாகிவிடும்.

அதன்பின் அடைத்த வகைகளின் பட்டியல், பெயரோடு. லாக்கை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பது. இதில் ஒரு எண் உங்கள் கையில் இல்லை: இந்திய கணினி அவசரநிலைப் பதிலளிப்புக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று இட்ட உத்தரவுப்படி, ஐசிடி (தகவல் தொடர்புத் தொழில்நுட்ப) அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கடைசியாக, மீறினால் என்ன படி: முதலில் பேச்சு, பிறகு எழுத்து, பிறகு விளக்கம் கேட்கும் நோட்டீஸ். விதி முதலாளிக்கும் சேர்த்துத்தான்.

12. ஒருத்தர் மட்டும் நாள் பூரா யூடியூப்ல இருக்கார். என்ன பண்ணலாம்?

ஆறாம் கேள்வியில் உள்ளபடி அது உண்மைதானா என்று பாருங்கள். சிலர் காதில் பாட்டு மட்டும் ஓடவிட்டு வேலை செய்வார்கள், லாக்கில் அதுவும் வீடியோதான். உண்மை என்றால் அவருடைய வேலை முடிகிறதா பாருங்கள். முடிகிறது என்றால் வேலை போதவில்லை, ஒதுக்கியது நீங்கள். முடியவில்லை என்றால் முடியாத வேலையைப் பற்றிப் பேசுங்கள், தேதியும் எண்ணிக்கையுமாக. 'நீங்க யூடியூப் பார்க்கறீங்க' என்று தொடங்கினால் 'எல்லாரும்தான் பார்க்கறாங்க' என்று பதில் வரும். அங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

பொது குரூப்பில் பெயரைப் போட்டு அறிக்கையைப் பகிர்வது மட்டும் கூடவே கூடாது. வேலை நீக்கம்வரை போவதாக இருந்தால் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, பதில் சொல்ல அவகாசம் தந்து, உள்விசாரணை நடத்தாமல் செய்யாதீர்கள். லாக்கின் ஒரு ஸ்கிரீன்ஷாட் தனியாக நிற்காது.

13. வீட்டிலிருந்து வேலை. லேப்டாப் ஆபீஸோடது, நெட் என்னோடது. அப்பவுமா?

ஆபீஸ் விபிஎன் எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. எல்லாப் போக்குவரத்தும் விபிஎன் வழியே போகும் அமைப்பில் நீங்கள் ஆபீஸில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். ஆபீஸ் சர்வருக்குப் போவது மட்டும் விபிஎன்னில் போனால் மற்றவை உங்கள் வீட்டு இணைப்பில் போகும். ஆனால் லேப்டாப்பில் பாதுகாப்பு முகவர் மென்பொருள் இருந்தால் தளப் பெயர்கள் அப்போதும் பதிவாகும். குழந்தையின் வீட்டுப்பாடத்தை அந்த லேப்டாப்பில் செய்ய விடாதீர்கள். அவர்கள் இறக்கும் விளையாட்டும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

மவுஸைத் தானாக அசைக்கும் கருவி பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகை இயங்குவதுபோல் காட்டியதற்காக 2024இல் பன்னிரண்டுக்கும் மேற்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கியது. விபிஎன் பற்றி ஐந்தாம் பதிலில் சொன்னதுதான் இங்கேயும். சும்மா இருந்ததைவிட, வேலை செய்வதுபோல் நடித்தது பெரிய குற்றம்.

14. சாட்ஜிபிடில ரெஸ்யூமைத் திருத்தினேன். அப்படியே ஆபீஸ் ஃபைல் ஒண்ணையும் போட்டுட்டேன். பரவாயில்லையா?

ரெஸ்யூமே உங்களுடையது. (ஆபீஸ் கணினியில் வேறு வேலை தேடுவது உங்கள் தைரியம்.) ஃபைல்தான் பிரச்சினை. சாம்சங் ஊழியர்கள் நிரல் மூலங்களை சாட்ஜிபிடியில் போட்டது தெரிந்ததும் அந்த நிறுவனம் 2023 மே மாதம் இத்தகைய கருவிகளுக்குத் தடை போட்டது. இந்திய நிதி அமைச்சகமும் 2025 ஜனவரியில் அலுவலகச் சாதனங்களில் இவற்றைத் தவிர்க்கச் சொன்னது. சொந்தக் கணக்கில் போட்ட உரையாடலை உடனே அழியுங்கள், பயிற்சிக்குப் பயன்படுத்த அனுமதி என்ற அமைப்பை அணையுங்கள், ஃபைலில் வாடிக்கையாளர் பெயரோ எண்ணோ இருந்தால் மேலாளரிடம் சொல்லுங்கள்.

15. காலைல ரெண்டு ட்ரேடு போடறேன், அஞ்சு நிமிஷம்தான். அதுவும் தப்பா?

போடுவது ஐந்து நிமிடம். பார்ப்பது பங்குச் சந்தை நடக்கும் 9:15 முதல் 3:30 வரை. மூன்றாம் பதிலில் சொன்ன 'ஒட்டிக்கொண்டு வரும் நினைவு'க்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஸ்கோரில் யார் தோற்றாலும் உங்கள் பணம் போகாது. நீண்டகால முதலீடு செய்பவர் என்றால் இரவே ஆர்டர் போட்டு வைக்கும் வசதி இருக்கிறது.

பட்டியலிடப்பட்ட நிறுவனத்திலோ புரோக்கர், ஃபண்டு நிறுவனத்திலோ வேலை செய்தால் இது நேரப் பிரச்சினையே இல்லை. பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் 2015ஆம் ஆண்டு உள்வர்த்தகத் தடை (வெளியாகாத உள் தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்பதற்கான தடை) விதிமுறைகளின்படி நிறுவனம் ஒரு நடத்தை விதி வைத்திருக்கும். குறிப்பிட்ட பதவியில் உள்ளவர்கள் முன் அனுமதி இல்லாமலும், வர்த்தகச் சாளரம் மூடிய (அதாவது அவர்கள் பங்கு வாங்கி விற்க அனுமதி இல்லாத) நாட்களிலும் தங்கள் நிறுவனப் பங்கைத் தொடக்கூடாது. சொந்த போனில், சொந்த டேட்டாவில் செய்தாலும் அதே விதிதான்.

16. சொந்த மெயிலைப் பார்க்கும்போது தப்பான லிங்க்கை அழுத்திட்டேன். சொன்னா ஏன் பார்த்தேன்னு கேட்பாங்க. சொல்லணுமா?

சொல்ல வேண்டும், இப்போதே. வைஃபையை அணையுங்கள் அல்லது கேபிளை உருவுங்கள். கணினியை ஷட்டவுன் செய்யாதீர்கள், நினைவகத்தில் உள்ள தடயம் போய்விடும். ஐடி பிரிவுக்கு மெயில் போடாமல் போனில் அழைத்து நாலே விஷயம் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த லிங்க், கடவுச்சொல்லோ ஓடிபியோ கொடுத்தீர்களா, ஃபைல் எதையாவது திறந்தீர்களா. கொடுத்த கடவுச்சொல்லை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. மேலே சொன்ன அதே 2022 உத்தரவுப்படி, இத்தகைய சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனம் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டாலும் அழுத்திய நொடி ஃபயர்வால் லாக்கில் இருக்கிறது, 180 நாள் இருக்கும். மேலாளர்களுக்கு ஒன்று: இப்படி வந்து சொன்னவரிடம் 'ஏன் சொந்த மெயில் பார்த்தாய்' என்று அன்றைக்குக் கேட்டால், அடுத்த தடவை யாரும் அழைக்க மாட்டார்கள், ஃபைல்கள் எல்லாம் பூட்டிக்கொண்ட பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.